மிஸ்டர் ஹெப்பிளிடம் நான் சொல்லாத ஒரு வசனம்

தம்பி,

அப்பா உனக்குக் கடிதம் எழுதிப் பத்து வருடமாகிறது. நீயும் அம்மாவும் ஊரில் இருக்க, நான் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்து எழுதியவைதான் கடைசி. அவற்றில் பாதி பொய். வேலை நல்லது, குளிர் பெரிதாக இல்லை, என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றெல்லாம் எழுதினேன். இப்போது நீ ஒரே வீட்டில் மேல்மாடியில் இருக்கிறாய். நீ வேலைக்குப் போன பிறகு நான் குசினி மேசையில் கடதாசியோடு இருக்கிறேன். "உங்களுக்கு என்ன விசரோ? பின்னேரம் வருவான்தானே, வாயால சொல்லுங்கோவன்," என்று அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டாள். நேரே சொல்ல வேண்டியதை நேரே சொல்லத் தெரியாத மனிதன் நான். அதனால் வந்த வினையைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதையும் நேரே சொல்ல முடியாமல்.

மூன்று கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை துஷி வந்திருந்தாள். உங்கள் கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டுவதற்கென்று பழைய படங்களை நிலத்தில் பரப்பி நீங்கள் இரண்டு பேரும் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர்ச் சங்கத்தின் உதைபந்தாட்டக் குழுப் படம் அவள் கையில் அகப்பட்டது. "ஆர் உந்த வெள்ளைக்காரக் கிழவன்? உங்களோட நிக்கிறார்?" என்று கேட்டாள். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "அவரோ? எங்கட மனேஜர். ஃபைனலுக்கே வராமல் விட்டிட்டுப் போயிட்டார். ஹி ஜஸ்ட் லெஃப்ட்," என்றாய். பிறகு, "எல்லாரும் போறவைதான் துஷி," என்று சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. நான் பாதித் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியில் ஊற்றியிருந்தேன்.

அவர் விட்டுவிட்டுப் போகவில்லை, தம்பி. அவரை விலக்கியது நாங்கள். அதை அவரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது, நான் சொல்லவில்லை. உன்னிடம் வேறு கதை சொன்னதும் நான்தான். ஐந்து வருடமாக ஒரு மனிதனைப் பற்றி நீ பிழையாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். இதை வாசித்த பிறகு மணவறைக்குப் பக்கத்தில் நான் நிற்பதை நீ விரும்பாமல் போகலாம். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது, இல்லையென்று நடிக்கவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருக்கிறார். இதே ஸ்காபரோவில் இருக்கிறார். அதிக நாள் இருக்கமாட்டார். அதனால்தான் இன்றைக்கு எழுதி முடிக்காமல் எழும்புவதில்லை என்று கதிரையில் இருக்கிறேன்.

அவர் எப்படி வந்தார் என்பது உனக்கும் தெரியும், ஆனால் நீ அப்போது பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாய். மோர்னிங்சைட் தொடர்மாடிகளுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளி அது. பனி கரைந்து சேறாகக் கிடந்தது. கோழிக்குத் தீனி எறிந்ததுபோல, பந்து போகிற பக்கமெல்லாம் நீங்கள் பதினெட்டுப் பேரும் ஒன்றாக ஓடினீர்கள். வேலிக்கு வெளியே மழைக்கோட்டோடு ஒரு கிழவர் நின்றார். கையில் கடைப் பை, அதற்குள் பாணும் பாலும். "இதற்கெல்லாம் யார் பொறுப்பு?" என்று கத்தினார். எல்லாரும் என்னைக் காட்டினீர்கள், நான்தானே செயலாளர். அவர் நொண்டிக்கொண்டு உள்ளே வந்து, "இவர்களில் இரண்டு மூன்று பேருக்குக் கால் இருக்கிறது. ஒருத்தருக்கும் கண் இல்லை," என்றார். அடுத்த சனிக்கிழமை கேளாமலே வந்து நின்றார். பெயர் ஹெப்பிள். நீங்கள் அரை மணித்தியாலத்தில் அதை அப்பிள் ஆக்கிவிட்டீர்கள். "அப்பிள் வாறார், ஓடு, ஓடு," என்று பெடியள் கத்தும்போது, தன்னைக் கண்டால் பயப்படுகிறார்கள் என்று அந்த மனிதர் பெருமையாக நடந்து வருவார்.

அவரை நல்ல மனிதர் என்று எழுத மாட்டேன். வாய் கெட்டவர். யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. எங்கள் சங்கத் தலைவர் அண்ணையின் மருமகனைப் பார்த்து எல்லாருக்கும் முன்னால், "நீ நல்ல பையன், அங்கே போய் இரு," என்று கோட்டுக்கு வெளியில் கிடந்த வாங்கைக் காட்டினார். உலகக் கிண்ணம் பக்கத்து நாட்டில் நடந்த கோடை அது. இங்கிலாந்து அதற்குத் தெரிவாகவில்லை. இங்கிலாந்து இல்லாத உலகக் கிண்ணத்தைத் தான் ஏறெடுத்தும் பார்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு ஆட்டம் விடாமல் பார்த்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பக்கத்தையும் திட்டினார். ஆனால் மூன்று மாதத்தில் நீங்கள் ஒரு குழுவாகிவிட்டீர்கள். உன்னை இடது பக்கத்தில் நடுவே நிறுத்தி, கப்டன் பட்டியையும் உன் கையில் கட்டிவிட்டார். அது அவர் ஒரு காலத்தில் விளையாடிய இடம் என்று உனக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார். எனக்குத்தான் சொன்னார், காருக்குள்.

சனிக்கிழமைகளில் அவரை ஏற்றி இறக்குவது என் வேலை. மற்ற ஆறு நாளும் மிசிசாகாவில், விமானங்களில் இருந்து வருகிற எச்சில் தட்டுகளைக் கழுவிவிட்டு, ஏழாம் நாள் ஒரு இங்கிலாந்துக்காரரைப் பக்கத்தில் வைத்துக் கார் ஓட்டுவது எனக்குப் பெரிய மதிப்பாக இருந்தது. என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். அவருடைய ஆங்கிலமும் அப்படி ஒன்றும் லேசில்லை, வாய்க்குள் கல்லைப் போட்டுக்கொண்டு கதைப்பதுபோல இருக்கும். அதனால் சொன்னதையே மூன்று தரம் சொல்லுவார், மூன்றாம் தரம் எனக்கு விளங்கும். இங்கிலாந்தின் வடக்கில் நிலக்கரிச் சுரங்க ஊர். தகப்பன் சுரங்கத்தில். இவரும் பதினைந்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கி, பதினேழு வயதில் ஒரு சிறிய கழகம் கூப்பிட்டதால் வெளியில் வந்தவர். பன்னிரண்டு வருடம் அந்த ஒரே கழகத்துக்கு விளையாடினார். மழை பெய்த ஒரு நாள் முழங்கால் உடைந்தது. அடுத்த பருவத்தில் அதே கழகம் அவரை மனேஜராக்கியது.

அந்த முதல் நாளைப் பற்றி அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. பன்னிரண்டு வருடம் உடை மாற்றிய அதே அறை. கதவைத் திறந்ததும், உள்ளே சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கதையை நிறுத்தினார்களாம். நேற்றுவரை அவரும் அந்தச் சிரிப்புக்குள் இருந்தவர். அந்தக் கிழமையே முதல் பட்டியல் போட வேண்டியிருந்தது. தன் கல்யாணத்தில் தோழனாக நின்ற கூட்டாளியை, கால் வேகம் போய்விட்டதென்று, பட்டியலில் இருந்து எடுத்தார். கடதாசியை ஒட்டிவிட்டுப் போகாமல், அவன் வீட்டுக்குப் போய், கதவடியில் நின்று சொன்னாராம். "நீ சனிக்கிழமை இல்லை." அவ்வளவுதான். அந்தக் கூட்டாளி பிறகு சாகும்வரை அவரோடு கதைக்கவில்லை. "ஆனால் நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையும் இல்லை, கவலையும் இல்லை. கணக்குச் சரியாக முடித்த ஒரு ஆளின் முகம். எனக்கு அது அப்போது கல் நெஞ்சாகத் தெரிந்தது.

அவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. மூன்றாவது கழகத்தில், ஒரு வெள்ளிக்கிழமை தலைவர் கைகுலுக்கி, குடும்பம் எப்படி என்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை போனால், புல் வெட்டுகிறவர் இவருடைய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வாசலில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லையா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் இருக்கப் பிடிக்காமல் ரொறன்ரோவுக்கு வந்தார். இங்கே அவரைக் கூப்பிட்ட கழகம் இரண்டு வருடத்தில் கலைந்தது. மனைவி திரும்பிப் போய்விட்டார், இவர் போகவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் தரை துடைத்து, சூடாக்கும் இயந்திரத்தைப் பார்த்து, ஓய்வு எடுத்தார். அந்தக் கதையைச் சொன்ன நாளில், நாங்கள் மோர்னிங்சைட் சந்தியில் சிவப்பு வெளிச்சத்துக்கு நின்றோம். அவர் என் பக்கம் திரும்பி, "செயலாளர், உங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் நான் வேண்டாமென்று வரும். எல்லாருக்கும் வரும். அன்றைக்கு நீ என் முகத்தைப் பார்த்து ஒரு வசனம் சொன்னால் போதும்," என்றார். நான் "ஷுவர், ஷுவர்" என்றேன். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இனித்தான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஜீவனை உனக்கு ஞாபகம் இருக்கும், மட்டக்களப்புப் பெடியன், பந்துக் காப்பாளன். உணவகம் ஒன்றில் வேலை முடித்து, மீன் மணக்க மணக்க ஓடி வருவான். மிஸ்டர் ஹெப்பிள் அவனைப் பார்த்த நாளில் இருந்து வேறு ஒருவரையும் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தவில்லை. எங்கள் சங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. ஊர்ச் சங்கங்களுக்கிடையிலான சுற்றுப்போட்டியில் நாங்கள் கடைசி ஆட்டத்துக்கு வந்ததும் செயற்குழு கூடியது. ஊரில் தபாலதிபராக இருந்த தலைவர் அண்ணை, இங்கேயும் முத்திரை குத்துகிறவர்போல மேசையில் குத்திக் குத்திக் கதைத்தார். "வெள்ளைக்காரனுக்கு ஊரும் தெரியாது, ஒண்டும் தெரியாது. எங்கட சங்கத்தின்ர பேரில விளையாட மட்டக்களப்பான் ஏன்? எங்கட பெடியன் தண்ணிப் போத்தல் தூக்கிக்கொண்டு வெளியில நிக்கிறான்." நான், "அண்ணை, அவன் நல்லாப் பிடிக்கிறான்," என்றேன். "பிடிக்கட்டும். தங்கட ஆக்களுக்குப் போய்ப் பிடிக்கட்டும்," என்றார்.

மிஸ்டர் ஹெப்பிளையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். நடுவில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தவன் நான். அவர், "அந்தப் பையன் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பந்து எங்கே வரும் என்று அவனுக்குத் தெரிகிறது. அவனை வெளியில் வைக்க வேண்டுமானால் வேறு மனேஜரைப் பாருங்கள்," என்றார். நான் தமிழில், "யோசிச்சுச் சொல்லுறாராம்," என்றேன். தலைவர் அண்ணை, "யோசிக்க என்ன கிடக்கு? கேக்காட்டி ஆளை நிப்பாட்டுவம்," என்றார். நான் ஆங்கிலத்தில், இவர்களும் யோசிக்கிறார்கள், பிரச்சினை இல்லை என்றேன். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு கைகுலுக்கினார்கள். பெரிய சமாதானம் செய்து வைத்தவன்போல நானும் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன். தம்பி, ஆட்களைச் சண்டை பிடிக்க விடாமல் வைத்திருப்பதுதான் நல்ல குணம் என்று நான் வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். உனக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். அது பிழை. அன்றைக்கு அந்த இரண்டு பேரும் முகத்துக்கு முகம் சண்டை பிடித்திருந்தால், அதற்குப் பிறகு நடந்த ஒன்றும் நடந்திராது.

வியாழக்கிழமை தலைவர் அண்ணை தொலைபேசி எடுத்தார். "சனிக்கிழமை அந்தாள் வரப்படாது. நான் நிண்டு பாக்கிறன். நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள், நீங்களே போய்ச் சொல்லி விடுங்கோ. உங்கட மகன் கப்டன், நீங்கள் செயலாளர், வெள்ளைக்காரன் உங்கட காரில வாறான். சனம் என்ன கதைக்குது தெரியுமோ?" மறுத்திருக்கலாம். பதவியை விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்று ஐந்து வருடமாக எனக்கு நானே வேறு வேறு காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மையான காரணம் சின்னது. அந்தக் கோடையில் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, செயலாளர் அவர்கள் மேடைக்கு வரவும் என்று கூப்பிடுவார்கள். தட்டுக் கழுவுகிறவனுக்கு அது இனித்தது. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரமே அவருடைய வீட்டுக்குப் போனேன். ஆறாம் மாடி, ஒரு அறை. அவர் கேத்திலை வைத்தார். மேசையில் சனிக்கிழமைக்கான பட்டியல், பென்சிலால் எழுதி, அம்புக்குறி எல்லாம் போட்டு. ஜீவனின் பெயர் மேலே, உன் பெயருக்குக் கீழே இரண்டு கோடு. அரை மணித்தியாலம் அந்த அம்புக்குறிகளை எனக்கு விளங்கப்படுத்தினார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கிறபோதெல்லாம் பிஸ்கட்டை நீட்டினார். கடைசியில் எழும்பினேன். கதவடியில் நின்று, இப்போதாவது சொல்லு என்று என்னை நானே நெருக்கினேன். சொல்லவில்லை. என் வாயில் வந்தது, "ஓகே மிஸ்டர் ஹெப்பிள், ஐ கம்." நாங்கள் யாருடைய வீட்டு வாசலில் இருந்தும் 'போறன்' என்று சொல்வதில்லையே. திரும்ப வருகிற எண்ணமே இல்லாத இடத்திலும் 'வாறன்' என்றுதானே சொல்லிவிட்டு இறங்குவோம். அவர் அதை ஒரு வெள்ளைக்காரர் கேட்கிறபடி கேட்டார். "நல்லது. எட்டரைக்குக் கீழே நிற்பேன்," என்றார். நான் திருத்தவில்லை. லிப்டுக்குள் நின்றபோது, அவரே எப்படியாவது விளங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். எப்படி விளங்கும்? என் வாயால் வருகிறேன் என்று சொல்லிவிட்டல்லவா வந்தேன்.

சனிக்கிழமை நான் வேறு பாதையால் மைதானத்துக்குப் போனேன். தலைவர் அண்ணை கழுத்தில் விசிலோடு வாங்கில் இருந்தார். ஜீவன் உடுப்பு மாற்றி நின்றவன், தன் இடத்தில் வேறு ஆள் இறங்குவதைக் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நீ ஆட்டம் தொடங்க முன்னும் அவர் வழக்கமாக வருகிற படலையைப் பார்த்தாய், ஆட்டத்துக்குள்ளும் பார்த்தாய். அரைவாசி நேரத்தில் ஓடி வந்து, "அப்பா, கோச் எங்க?" என்று கேட்டாய். "வரேல்லையாம்," என்றேன். "வை? சுகமில்லையோ?" "சுகத்துக்கென்ன. இனி வரமாட்டாராம். வெள்ளையள் உப்பிடித்தான், நினைச்சா வருவாங்கள், நினைச்சா விட்டிட்டுப் போவாங்கள்." இந்த வசனத்தைத் தயங்காமல் சொன்னேன், தம்பி. சொல்ல வேண்டிய வசனத்துக்கு வராத வாய், இதற்கு எவ்வளவு லேசாகத் திறந்தது பார். உன் முகம் மாறியதைக் கண்டேன். இரண்டாம் பாதியில் நீ ஓடவில்லை, நடந்தாய். இரண்டு பந்து உள்ளே போனது. நாங்கள் தோற்றோம். வீட்டுக்கு வந்து காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக் குப்பைப் பைக்குள் போட்டாய். அம்மா எடுக்கப் போனபோது, "லீவ் இட், அம்மா," என்றாய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. நீதான் எடுத்தாய். நான் சோற்றுக் கோப்பையோடு எதிரில் இருந்தேன். ஒரு ஹலோவுக்குப் பிறகு மெல்ல வைத்துவிட்டாய். "ஆர்?" என்றேன். "ரோங் நம்பர்," என்றாய். உன் காது சிவந்திருந்தது. யார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், நீ அதே நிமிடம் திரும்ப எடுத்திருப்பாய். நான் குழம்பு கேட்டேன். அந்த வாசலில் சொல்லாமல் வந்ததைவிட, இதைத்தான் என்னால் மன்னிக்க முடியாமல் இருக்கிறது.

பிறகு உன்னை நான் பார்த்துக்கொண்டே வருகிறேன். வேலைக்கு வேலை மாறினாய். ஏன் என்று கேட்டால், "அவங்கள் சொல்ல முதல் நான் சொல்லிப்போட்டன்," என்பாய். கூட்டாளிகள் ஒருவர் ஒருவராகக் குறைந்தார்கள். போன மாரியில் துஷியிடம், "போறதெண்டா இப்பவே போ," என்று நீ சொன்னதாக அந்தப் பிள்ளை அம்மாவிடம் வந்து அழுதாள். அவள் போகப்போகிறேன் என்று ஒரு நாளும் சொல்லாதவள். அடுத்த மாதம் அவளோடு ஒரு வீட்டில் வாழ்க்கை தொடங்கப் போகிறாய். எல்லாரும் போகிறவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண்ணோடு வாழ முடியாது, தம்பி. அந்த நினைப்பை உனக்குள் ஊன்றியவன் நான். எல்லாப் பழியையும் அந்த ஒரு சனிக்கிழமையில் போட மாட்டேன், நீயும் வளர்ந்த ஆள். ஆனால் அது பொய்யில் முளைத்தது என்று நீ அறிய வேண்டும். துஷியோடு கோபம் வரும், வந்தால் கத்து. வேண்டாமென்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லு. அவளும் சொல்ல வருவதை முழுக்கச் சொல்ல விடு. என்னைப்போல நடுவில் நின்று எல்லாவற்றுக்கும் சீனி போடாதே.

நீ துஷிக்கு அந்தப் படத்தைக் காட்டியதற்கு அடுத்த ஞாயிறு நான் அந்தத் தொடர்மாடிக்குப் போனேன். அவர் அங்கே இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார் என்று சொல்லி, கட்டடம் பார்க்கிறவர் இடத்தையும் சொன்னார். அந்த இல்லத்தின் வாசல்வரை போய், உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். போன ஞாயிறுதான் உள்ளே போனேன். மூக்கில் குழாய் மாட்டி, யன்னலோரம் கதிரையில் இருத்தியிருந்தார்கள். மெலிந்து பாதி உடம்பு காணவில்லை. என்னைப் பார்த்ததும், "செயலாளர்," என்றார். "வருகிறேன் என்றாய். நேரம் எடுத்துவிட்டது." அது பகிடியோ கோபமோ என்று எனக்கு விளங்கவில்லை. நான் அவருக்கு முன்னால் நின்று, அந்த ஒரு வசனத்தைச் சொன்னேன். மனேஜர் வேலையில் இருந்து உங்களை எடுத்துவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன், சொல்லவில்லை. ஐந்து வருடம் பிந்தி, நேர்ஸ் ஒருத்தி மாத்திரை கொண்டு நிற்க, அதைச் சொன்னேன்.

அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னதை இந்த முறை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். "பத்தரை வரை கீழே நின்றேன். உன் கார் பழுதாகிவிட்டது என்று நினைத்து பஸ் எடுத்தேன். பந்துப் பையும் என்னோடுதான். வேலியடிக்கு வந்தபோது அந்தத் தபால்கார மனிதர் என்னுடைய இடத்தில் இருந்தார். விளங்கிவிட்டது. விலக்கப்பட்ட மனேஜர் மைதானத்துக்குள் வரக்கூடாது, அது முறையில்லை. வான் வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கம் நின்று மிச்ச ஆட்டம் முழுவதையும் பார்த்தேன். உன் பையன் படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் வந்துவிடுவேனோ என்று பயப்படுகிறான் என்று நினைத்தேன். அவனைக் குழப்பக்கூடாதென்று வானுக்குப் பின்னால் போய் நின்றேன்."

உன்னைவிட்டு அவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று யோசித்துப் பார். நான் அதை யோசித்து யோசித்து இந்தக் கிழமை முழுக்க வேலையில் தட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை எதற்குத் தொலைபேசி எடுத்தீர்கள் என்று கேட்டேன். குறை சொல்லவா, காரணம் கேட்கவா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "இரண்டாவது பந்து உள்ளே போனது அவனுடைய பிழை இல்லை, பின்னால் நின்றவர்கள் இடம் மாறி நின்றார்கள். அவன் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருப்பான். அதைச் சொல்லத்தான் எடுத்தேன்," என்றார். "அவன் வைத்துவிட்டான். சரி, அவனுக்கும் நான் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன்." நான் அழுதேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் நான் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எழும்புகிற நேரம், காருக்குள் இருந்த உன் கல்யாண அழைப்பிதழ் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து அவருடைய மடியில் வைத்தேன். மஞ்சள் பூசிய மூலையைத் தடவிப் பார்த்தார். உன் பெயர் எது என்று கேட்டார், தமிழ் எழுத்தில் காட்டினேன். விரலை அதில் வைத்துக்கொண்டு, "இதை நீ கொண்டுவந்தாயா, அவன் அனுப்பினானா?" என்று கேட்டார்.

"அவன்தான் அனுப்பினான்," என்றேன்.

இந்தக் கடிதத்தில் நான் உனக்குப் பொய் எழுதவில்லை. ஆனால் அவரிடம் இன்னும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கிறது என்று நேர்ஸிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் குழாயைச் சரி செய்தாள். அவர் இருக்கும் இல்லம் மார்க்கம் றோட்டில், ஆஸ்பத்திரியைத் தாண்டி இடது பக்கம், இரண்டாம் மாடி. பின்னேரம் இரண்டு மணியில் இருந்து பார்க்க விடுவார்கள். என்னோடு கோபித்துக்கொள்ள உனக்குக் காலம் கிடக்கிறது, அதைப் பிறகு வைத்துக்கொள். அவரைக் கண்டதும் யார் அனுப்பியது என்று உன்னிடமும் கேட்பார். அதற்கு என்ன சொல்வதென்று நான் சொல்லித்தர மாட்டேன். நாளைக்கே போ.

அப்பா